தொழில் மேலாண்மையும் நெறிமுறையும்: தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

மேலாண்மைப் பாடநூல்களைப் புரட்டினால், திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல், இயக்குவித்தல், கட்டுப்படுத்தல் என்று பாடங்கள் வரிசையாக வந்து, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவசரமாகப் படிக்கும் இடத்தில் 'தொழில் நெறிமுறை' உட்கார்ந்திருக்கும். இந்த வரிசையே பல நிறுவனங்களைக் கெடுத்திருக்கிறது என்பது என் கருத்து. வாடிக்கையாளரிடம் பொய் சொல்லலாமா என்று ஒரு விற்பனையாளர் தயங்கி நிற்கும் நேரத்தில், அவருக்கு மாத இலக்கு வைத்தவர் அந்த முடிவில் பாதியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருப்பார். ஆகவே, இந்த வழிகாட்டியில் நெறிமுறைக்கென்று தனிப் படி கிடையாது. ஒவ்வொரு மேலாண்மைப் பணியைச் செய்யும்போதும் அதற்குள் ஒளிந்திருக்கும் நெறிமுறைக் கேள்வியையும் சேர்த்தே எடுத்துக்கொள்வோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க, ஒரு கற்பனை நிறுவனத்தை முழுவதும் கூடவே வைத்துக்கொள்வோம். அது லிஃப்ட் பராமரிக்கும் சிறு நிறுவனம். உரிமையாளர் ஒருவர், அலுவலகத்தில் மூவர், களத்தில் பன்னிரண்டு தொழில்நுட்பப் பணியாளர்கள். 900 லிஃப்டுகளை மாதம் ஒருமுறை நேரில் சென்று சோதிக்கும் ஒப்பந்தம். இந்தத் தொழிலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வேலை ஒழுங்காக நடந்ததா என்பது வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாது. நடக்காவிட்டாலோ உயிர் போகலாம்.

தொடங்கும் முன்: மேலாண்மை என்றால் எது?

நன்றாக வேலை தெரிந்தவர் நல்ல மேலாளர் ஆகிவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். நம் உரிமையாளர் லிஃப்டின் மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடியவராக இருக்கலாம். அது அவருடைய கைத்திறன். எந்தக் கட்டடத்துக்கு யாரை அனுப்புவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது, சரியாகச் செய்தாரா என்று எப்படி அறிவது என்ற கேள்விகளுக்கு விடை காண்பதே மேலாண்மை. வரம்புக்குட்பட்ட ஆள், பணம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு, பிறர் வழியாக ஒரு வேலையை முடிக்கும் பணி அது.

இந்தப் பணிகளை முறையாகப் பிரித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஹென்றி ஃபேயோல். பிரான்சில் சுரங்கப் பொறியாளராகத் தொடங்கிய அவர், 1888-இல், நொடிந்துபோகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க, இரும்பு நிறுவனத்தின் தலைமையை ஏற்று அதை மீட்டெடுத்தார். 1916-இல் வெளியான தமது ஆய்வில், முன்னோக்கித் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என ஐந்து பணிகளையும், அவற்றுக்குத் துணையாகப் பதினான்கு கோட்பாடுகளையும் வகுத்துத் தந்தார். இன்றைய பாடநூல்களில் உள்ள பட்டியல் அதன் வழிவந்ததே.

சட்டமும் நெறிமுறையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சட்டம், எதற்குக் கீழே போனால் தண்டனை என்று கோடு போடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள பெரும் பரப்பில் எப்படி நடந்துகொள்வது என்பதே நெறிமுறை. சட்டம் பெரும்பாலும் விபத்துக்குப் பின்னால் வந்து சேர்கிறது என்பதால், சட்டத்தை மட்டும் பார்த்து நடப்பவர் நேற்றைய விபத்துகளிலிருந்து மட்டுமே தப்பிக்கிறார்.

படி 1: நிறுவனம் யார் யாருக்குப் பொறுப்பு என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் நிறுவனத்தின் முடிவுகளால் நன்மையோ தீமையோ அடையும் தரப்பினர் அனைவரையும் எழுதுங்கள். உரிமையாளர், பணியாளர், வாடிக்கையாளர், பொருள் வழங்குவோர், கடன் தந்தவர், அரசு என்று பட்டியல் எளிதாக வந்துவிடும். பிறகு ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இவருக்கு நம் முடிவைப் பற்றித் தெரிய வருமா? தெரிந்தால் நம்மைத் தடுக்க இவருக்கு வழி இருக்கிறதா?

நம் லிஃப்ட் நிறுவனத்தில் இதைச் செய்து பார்த்தால் ஒரு சங்கடம் வெளிப்படும். பணம் தருபவர் கட்டட உரிமையாளர்; லிஃப்டில் ஏறுபவர் வேறொருவர். மலிவான ஒப்பந்தத்தைக் கட்டட உரிமையாளர் விரும்புவார். ஏறுபவருக்கு அந்த ஒப்பந்தம் இருப்பதே தெரியாது, தடுக்கவும் வழியில்லை. இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்று விடை வரும் தரப்பினர்தாம் உங்கள் நெறிமுறைக் கவனம் முதலில் போக வேண்டிய இடம்.

இங்கு ஒரு பழைய விவாதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. தொழிலின் சமூகப் பொறுப்பு இலாபத்தைப் பெருக்குவதே என்று பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1970-இல் வாதிட்டார். நிறுவனத்தின் முடிவுகளால் பாதிக்கப்படும் அனைத்துத் தரப்பினரையும் மேலாளர் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற பார்வையை எட்வர்ட் ஃபிரீமன் 1984-இல் விரித்துரைத்தார். முதலாமவரை மேற்கோள் காட்டுவோர் பலரும், ஏமாற்றும் மோசடியும் இன்றி விளையாட்டின் விதிகளுக்குள் நின்று இலாபம் தேட வேண்டும் என்று அவரே விதித்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். சோதிக்காத லிஃப்டைச் சோதித்ததாகக் கையெழுத்திடுவது அந்த இரு பார்வைகளில் எதன்படியும் ஏற்கத்தக்கதன்று.

படி 2: இலக்கு வைக்கும்போதே அதன் தீய வழிகளைத் தேடுங்கள்

மேலதிகாரியும் பணியாளரும் சேர்ந்து குறியிலக்குகளை வகுத்து, அவற்றைக் கொண்டே செயல்பாட்டை மதிப்பிடும் முறையைப் பீட்டர் டிரக்கர் 1954-இல் முன்வைத்தார். பாடநூல்கள் இதைக் குறியிலக்கு மேலாண்மை என்கின்றன. இலக்கு தெளிவாகவும், அளக்கக்கூடியதாகவும், காலவரையறை உடையதாகவும் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. இந்த மூன்று இலக்கணங்களும் பொருந்திய ஓர் இலக்கு, நிறுவனத்தையே அவமானத்தில் தள்ளவும் கூடும் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்களை முடுக்கியது. தெளிவான இலக்கு, எண்ணக்கூடிய இலக்கு. விளைவாக, வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 18.5 கோடி டாலர் அபராதம் விதித்தன. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அவ்வாறு திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மறு ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. ஐயாயிரம் பேர் தனித்தனியே தீயவர்களாகி ஒரே வங்கியில் வந்து சேர்ந்தார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஓர் அளவுகோல் இலக்காக மாறியவுடன் அது நல்ல அளவுகோலாக இருப்பது நின்றுவிடும் என்று, பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி இதைத்தான் சொல்கிறது.

நம் நிறுவனத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 900 லிஃப்டுகளைப் பன்னிரண்டு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 75; மாதம் 25 வேலைநாள் என்றால் நாளுக்கு மூன்று. ஒரு லிஃப்டை முறையாகச் சோதிக்க 90 நிமிடமும், அடுத்த கட்டடத்துக்குப் போக 40 நிமிடமும் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மூன்று லிஃப்டுகளுக்கு ஆறரை மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேர வேலைநாளில் இது அடங்கும். நான்கு என்றால் எட்டு மணி நாற்பது நிமிடம். இப்போது உரிமையாளர் புதிய ஒப்பந்தங்களைப் பிடித்துக்கொண்டு வந்து, ஆள் சேர்க்காமல், நாளுக்கு ஐந்து என்று இலக்கை உயர்த்துகிறார். பயணத்துக்கு 200 நிமிடம் போக மீதி 280 நிமிடம். ஒரு லிஃப்டுக்கு 56 நிமிடம். காணாமற்போன அந்த 34 நிமிடத்தில் எந்தச் சோதனை கைவிடப்படும் என்று உரிமையாளர் சொல்வதில்லை. பணியாளர் தாமே தேர்ந்துகொள்கிறார், கையெழுத்தை மட்டும் முழுப் படிவத்துக்கும் போடுகிறார். அந்தப் பொய்க் கையெழுத்து இலக்கு எழுதப்பட்ட அன்றே போடப்பட்டுவிட்டது.

எனவே எந்த இலக்கை அறிவிப்பதற்கு முன்பும் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முதலாவது, மேலே செய்ததுபோல் நேரத்தையும் ஆளையும் பெருக்கி வகுத்து, நேர்மையாக உழைக்கும் ஒரு சராசரிப் பணியாளரால் அதை எட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது, இந்த இலக்கை நேர்மையற்ற முறையில் எட்ட எத்தனை வழிகள் உண்டு என்று களப் பணியாளர்கள் இருவரை அழைத்துக் கேளுங்கள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் நீங்கள் கனவிலும் நினைக்காத நான்கு வழிகளைச் சொல்வார்கள். மூன்றாவது, அளவை அளக்கும் இலக்குக்குத் தரத்தை அளக்கும் இன்னோர் இலக்கைத் துணையாகக் கட்டுங்கள். சென்ற லிஃப்டுகளின் எண்ணிக்கையோடு, சோதித்த பதினைந்து நாட்களுக்குள் பழுதான லிஃப்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றை மட்டும் ஊதிப் பெருக்குவது கடினமாகிவிடும்.

படி 3: அதிகாரத்தைப் பகிருங்கள், பிரிக்க வேண்டியதைப் பிரியுங்கள்

ஒழுங்கமைத்தலின் அடிப்படைகள் சில. ஒரு பணியாளருக்கு ஒரே மேலதிகாரி இருக்க வேண்டும் என்பது கட்டளை ஒருமை. பொறுப்பு எவ்வளவோ அதிகாரமும் அவ்வளவு இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. லிஃப்டின் பாதுகாப்புக்கு நீதான் பொறுப்பு என்று பணியாளரிடம் சொல்லிவிட்டு, ஆபத்தான லிஃப்டை நிறுத்தும் அதிகாரத்தை அலுவலகத்தில் வைத்துக்கொண்டால், அது பொறுப்பை ஒப்படைத்தல் ஆகாது. பழியை முன்கூட்டியே ஒப்படைத்தல்.

ஒருவரின் கீழ் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 1933-இல் கிரைக்குனாஸ் என்ற ஆலோசகர் ஒரு கணக்கைக் காட்டினார். கீழே நான்கு பேர் இருந்தால் தனியாகவும் கூட்டாகவும் உருவாகக்கூடிய உறவுகள் 44. ஐந்து பேர் என்றால் 100. ஆறு பேர் என்றால் 222. அந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே மாதிரியான வேலை என்றால் ஒருவர் பதினைந்து பேரைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். ஆள் ஒருவர் கூடும்போது சிக்கல் ஒன்று கூடுவதில்லை, பன்மடங்காகிறது என்ற பாடம் மட்டும் போதும். பன்னிரண்டு களப் பணியாளர்களும் நேரே உரிமையாளரின் கீழ் இருப்பதைவிட, மூத்தவர்கள் மூவர், ஒவ்வொருவர் கீழும் மூவர் என்று அமைப்பது தாங்கும்.

ஆணை மேலிருந்து கீழாகப் படிப்படியாக வர வேண்டும் என்ற ஃபேயோலே, அவசரத்தில் ஒரே நிலையில் உள்ள இருவர் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு பாலம் வேண்டும் என்றும் சொன்னார். இதை மறந்த நிறுவனங்களில், உதிரிபாகம் பழுதானது என்ற செய்தி மூன்று மேசைகள் ஏறி, மூன்று மேசைகள் இறங்கி, கிடங்குக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும்.

பிரித்தே ஆக வேண்டிய பணிகளும் உண்டு. பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பொருள் வாங்க ஒப்புதல் தருபவரும் வந்த பொருளைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. 1762-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் வீழ்ந்ததற்கு இதுவே பெருங்காரணம். அதன் சிங்கப்பூர் கிளையில் சந்தை வர்த்தகம் செய்தவரே அந்த வர்த்தகங்களைக் கணக்கில் தீர்க்கும் பிரிவையும் கவனித்தார். நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்து வைத்தார். இந்த இரட்டைப் பொறுப்பை 1994-இல் உள் தணிக்கை சுட்டிக்காட்டியும் அது பிரிக்கப்படவில்லை. மொத்த நட்டம் 82.7 கோடி பவுண்டு. வங்கி இறுதியில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சிறு நிறுவனத்தில் எல்லாவற்றையும் பிரிக்க ஆள் போதாது என்பது உண்மைதான். அப்படிப்பட்ட இடத்தில் வங்கி அறிக்கையை மாதந்தோறும் உரிமையாளரே பிரித்துப் பார்ப்பது குறைந்தபட்சக் காப்பு.

படி 4: ஆள் சேர்ப்பது

வேலைக்குத் தேவையான தகுதிகளை விண்ணப்பங்கள் வரும் முன்பே எழுதி வையுங்கள். வந்த பின் எழுதினால், பிடித்தவருக்கேற்பத் தகுதி வளையும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். உறவினரைச் சேர்ப்பதாக இருந்தால், அவருடைய ஊதியத்தையும் பதவி உயர்வையும் நீங்கள் முடிவுசெய்யாத ஏற்பாடு வேண்டும். திறமையில் குறையுள்ளவரைப் பழக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் உள்ளவரை, உயிர் சம்பந்தப்பட்ட தொழிலில், சேர்க்கவே கூடாது.

படி 5: மனிதரை மனிதராக இயக்குங்கள்

மேலாண்மைச் சிந்தனையின் வரலாறே, தொழிலாளியை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வியைச் சுற்றிய நீண்ட வழக்கு எனலாம். ஃபிரெடரிக் டெய்லர், 1911-இல் வெளியிட்ட அறிவியல்முறை மேலாண்மை ஆய்வில், ஓர் எஃகு ஆலையில் இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றும் வேலையை அளந்து மாற்றியமைத்ததாகவும், ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஏற்றிய எடை 12.5 டன்னிலிருந்து 47.5 டன்னாக உயர்ந்ததாகவும், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்ததாகவும் எழுதினார். திறனுக்குப் பாராட்டாகக் காட்டப்படும் இந்த எண்களை நான் எப்போதும் வகுத்துப் பார்ப்பேன்: வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இது நியாயமான பங்கீடா என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கிறார்கள். உற்பத்தித்திறன் கூடும் ஒவ்வொரு முறையும் உங்கள் நிறுவனத்திலும் அதே கேள்வி வரும். அதற்கான விடையை எழுத்தில் வைத்திருப்பது நல்லது.

1924 முதல் 1932 வரை சிகாகோவுக்கு அருகிலுள்ள ஹாதார்ன் ஆலையில் நடந்த சோதனைகள், வெளிச்சமும் இடைவேளையும் மட்டுமல்லாது, கவனிக்கப்படுகிறோம், கேட்கப்படுகிறோம் என்ற உணர்வும் குழு உறவும் வேலையைப் பாதிக்கின்றன என்ற எண்ணத்தைப் பரப்பின. எல்டன் மேயோ வழியாகப் புகழ்பெற்ற அம்முடிவுகள் பின்னாளில் பலவாறு கேள்விக்குள்ளாயின. 1960-இல் டக்ளஸ் மெக்கிரிகர், மனிதன் இயல்பிலேயே வேலையைத் தவிர்ப்பவன் என்று கருதும் மேலாளர் ஒருவகை, பொறுப்பேற்க விரும்புபவன் என்று கருதும் மேலாளர் இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார். தம் பணியாளர்களைத் திருடர்களாக நடத்துபவருக்கு, காலப்போக்கில், திருடர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

சச்சரவு வரும்போது மேரி பார்க்கர் ஃபாலட் சொன்ன வழியைப் பழகுங்கள். ஒருவர் மற்றவரை அடக்குவது, இருவரும் பாதிப் பாதி விட்டுக்கொடுப்பது ஆகிய இரண்டையும் தாண்டி, இருவரின் உண்மையான தேவையும் நிறைவேறும் மூன்றாவது வழியைத் தேடச் சொன்னார் அவர். காலை எட்டு மணிக்கே களத்தில் இருக்க வேண்டும் என்கிறார் அலுவலக மேலாளர். ஒன்பதுக்குத்தான் வர முடியும் என்கிறார் பணியாளர். எட்டரை என்று முடித்தால் இருவருக்கும் குறை. ஏன் என்று கேட்டால், மேலாளருக்கு வேண்டியது காலை நெரிசலில் பழுதாகும் லிஃப்டுக்கு ஓட ஓர் ஆள். பணியாளருக்கு வேண்டியது குழந்தையைப் பள்ளியில் விடும் நேரம். முறை வைத்து இருவரைக் காலைப் பணிக்கு நிறுத்தினால் சிக்கலே இல்லை.

படி 6: கட்டுப்பாட்டை வேலைக்குள் வையுங்கள்

கட்டுப்பாடு என்பது தரத்தை நிர்ணயித்தல், நடந்ததை அளத்தல், வேறுபாட்டைக் கண்டறிதல், திருத்துதல் என்ற சுழற்சி. வேலைக்கு முன், வேலையின் போது, வேலைக்குப் பின் என மூன்று இடங்களில் அதை வைக்கலாம். பெரும்பாலோர் மூன்றாவதில் மட்டும் வைக்கிறார்கள். அது மலிவு, ஆனால் தாமதம்.

எடுத்துக்காட்டாக, லிஃப்டைச் சோதிக்கும்போது கதவுப் பூட்டின் மின்தொடர்பை ஓர் இணைப்புக் கம்பியால் தற்காலிகமாகத் தாண்டவிடுவது உண்டு. வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறந்தால், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகரும். 'கம்பியைக் கழற்றினேன்' என்று படிவத்தில் ஒரு கட்டம் போட்டால், கை பழக்கத்தில் அதற்கும் குறி விழும். கம்பிகளுக்கு எண்ணிட்டு, பையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்து, இடம் காலியாக இருந்தால் கண்ணில் படும்படி செய்தால், அதுவே வேலைக்குள் வைத்த கட்டுப்பாடு. நம்பிக்கைக் குறைவால் இப்படிச் செய்வதாகப் பணியாளர் எண்ணக் கூடாது. களைத்த மனிதனின் நினைவாற்றல் நம்பத்தக்கதன்று என்பதால் செய்கிறோம் என்று விளக்குங்கள்.

பண மோசடி குறித்து டொனால்ட் கிரெஸ்ஸியின் 1953-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வளர்ந்த முக்கோணம் மிகவும் பயன்படும். வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, கண்டுபிடிக்கப்படாமல் எடுக்கும் வாய்ப்பு, 'கடனாகத்தான் எடுக்கிறேன்' என்பது போன்ற தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில், நேற்றுவரை நேர்மையாக இருந்தவரும் கை வைக்கிறார். நெருக்கடியைக் குறைக்க முன்பணம் பெறும் கண்ணியமான வழி, வாய்ப்பைக் குறைக்கப் படி 3-இல் சொன்ன பிரிவினை, சமாதானத்தைக் குறைக்க நியாயமான ஊதியமும் உரிமையாளரின் சொந்த ஒழுக்கமும் தேவை. நிறுவனப் பணத்தில் தன் வீட்டுச் செலவை எழுதும் உரிமையாளர், அந்தச் சமாதானத்தைத் தாமே அச்சிட்டு வழங்குகிறார்.

படி 7: நெருக்கடியில் முடிவெடுக்கும் முறை

நெறிமுறைச் சிந்தனையில் மூன்று பெரிய மரபுகள் உண்டு. எந்த முடிவால் மொத்த நன்மை மிகும் என்று பார்ப்பது பெந்தமும் மில்லும் வளர்த்த விளைவு நோக்கு. எல்லோரும் பின்பற்றினால் ஏற்கத்தக்க விதியா, மனிதரை வெறும் கருவியாக்குகிறதா என்று பார்ப்பது காண்ட்டின் கடமை நோக்கு. நல்ல பண்புள்ளவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று கேட்பது அரிஸ்டாட்டிலின் வழிவந்த பண்பு நோக்கு. எந்த ஒன்றையும் சூத்திரமாக்கிக்கொள்ள வேண்டாம். ஒன்றின் குருட்டுப் புள்ளியை மற்றொன்று காட்டும்.

உண்மையிலேயே கடினமான ஒரு நிலைமையைப் பாருங்கள். லிஃப்டின் கம்பிவடம் தேய்ந்து, மாற்ற வேண்டிய எல்லையை நெருங்கிவிட்டது, இன்னும் தாண்டவில்லை. புதிய வடம் வர பத்து நாள் ஆகும். நிறுத்திவிடலாம் என்கிறார் பணியாளர். மேல் மாடிகளில் முதியவர்கள் இருக்கிறார்கள், பத்து நாள் அவர்கள் படியிறங்க முடியாது, ஓடட்டும் என்கிறார் கட்டட உரிமையாளர். இருவருமே பிறர் நலனைத்தான் பேசுகிறார்கள். விளைவு நோக்கில் இரு பக்கமும் தீங்கு உண்டு. கடமை நோக்கு, ஏறுபவர்களுக்கு உண்மையைச் சொன்னீர்களா என்று கேட்கிறது. அப்படிக் கேட்டதும்தான் மற்ற வழிகள் தெரியவருகின்றன: எல்லையைத் தாண்டவில்லை என்பதை அளந்து எழுதி, ஏறுவோர் எண்ணிக்கையைக் குறைத்து, நாள்தோறும் வடத்தைப் பார்த்து, நிலைமையைக் கதவில் எழுதி ஒட்டி, எல்லையைத் தொட்ட கணமே நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. எல்லையை ஏற்கெனவே தாண்டியிருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்; நிறுத்த வேண்டியதுதான்.

இத்தகைய கூட்டங்களில் கவனிக்க வேண்டிய ஒன்று, நிரூபிக்கும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை மறுநாள் கடுங்குளிரில் ஏவக் கூடாது என்று உந்துகலம் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்தார்கள்; இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போகும் என்பது அவர்கள் அச்சம். வழக்கமாக, பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவுவார்கள். அன்றிரவோ, ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை பொறியாளர்கள் மேல் விழுந்தது. அவர்களுடைய துணைத்தலைவர் ஒருவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றி மேலாளர் தொப்பியை அணியும்படி மேலிடம் சொன்னது. மறுநாள் ஏவிய 73 விநாடிகளில் ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். 'மேலாளராக யோசி' என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த உண்மையை மறக்கச் சொல்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 8: கெட்ட செய்தி மேலே வரும் வழியைத் திறந்து வையுங்கள்

2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. அதிலிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல் தளங்களில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் உள்ளே வரப் பணிக்கப்பட்டார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிசல் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. உள்ளே போக மாட்டேன் என்று சொல்லும் வலிமைதான் தொழிலாளிக்கு இல்லாதிருந்தது.

ஆகவே, ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் உரிமையைக் கடைநிலைப் பணியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். தவறாக நிறுத்தினாலும் அதற்காகத் தண்டனை இல்லை என்றும் எழுதுங்கள். நேரடி மேலதிகாரியைத் தாண்டிப் புகார் சொல்ல ஒரு வழி இருக்கட்டும். புகார் சொன்னவருக்குப் பதினைந்து நாட்களுக்குள் பதில் போக வேண்டும். முதன்முதலில் கெட்ட செய்தி கொண்டுவருபவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது செய்தி வருமா வராதா என்பது அன்றே முடிவாகிவிடும்.

தவறு வெளியே தெரிந்துவிட்டால், முதல் வேலை மேலும் தீங்கு நேராமல் தடுப்பது. யார் குற்றம் என்பது பிறகு. 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரணி கேப்சூல்களில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தபோது, கலப்படம் தொழிற்சாலையில் நடந்ததன்று என்ற நிலையிலும், ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் நாடெங்கும் இருந்த சுமார் 3.1 கோடிக் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல். பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் உறையுடன் அதே மருந்தை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

படி 9: நடத்தை விதியைச் சுருக்கமாக எழுதி, விலக்குகளைப் பதியுங்கள்

நடத்தை விதி இரண்டு பக்கம் இருந்தால் போதும். பரிசு எந்த மதிப்பு வரை வாங்கலாம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டட மேலாளர் தரகு கேட்டால் என்ன பதில், சொந்த நலன் முரண்படும் இடத்தில் யாரிடம் தெரிவிக்க வேண்டும், வாடிக்கையாளரின் சாவியையும் தகவலையும் எப்படிக் காப்பது, செய்யாத வேலைக்குக் கையெழுத்திட்டால் என்ன நடக்கும் என்ற ஐந்துக்கும் நேரடியான விடை அதில் இருக்க வேண்டும். 'நேர்மையே எங்கள் மூச்சு' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். அவற்றைப் படித்து யாரும் எதையும் செய்யவோ நிறுத்தவோ முடியாது.

நீளம் காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் சாட்சி. அதன் இயக்குநர் குழு 1999-இல், நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் கூட்டு நிதியங்களைத் தலைமை நிதி அலுவலரே நடத்துவதற்கு, நடத்தை விதியிலிருந்து விலக்கு அளித்தது. 2000 ஜூலையில் 64 பக்க நெறிமுறைக் கையேடு ஊழியர்களுக்கு வழங்கப்பட்டது. 2001 டிசம்பர் 2 அன்று நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

அதனால், விதி எழுதும் அன்றே விலக்குப் பதிவேடு ஒன்றையும் தொடங்குங்கள். யாருக்கு, எந்த விதியிலிருந்து, யார், என்ன காரணத்துக்காக விலக்கு அளித்தார் என்று தேதியிட்டு எழுத வேண்டும். தமக்குத் தாமே விலக்கு அளித்துக்கொள்ள எவருக்கும் அதிகாரம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூத்த பணியாளர்கள் மூவரும் உரிமையாளரும் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே விதிக்குப் பலமுறை விலக்கு கேட்கப்பட்டிருந்தால், அந்த விதியோ படி 2-இல் வைத்த இலக்கோ நடைமுறைக்கு ஒவ்வாதது, அதைத் திருத்துங்கள். ஒரே பெயர் பலமுறை வந்திருந்தால், அவரை அழைத்துப் பேசுங்கள். அது உரிமையாளரின் பெயராக இருந்தாலும் அந்தப் பேச்சு அதே கூட்டத்தில் நடக்க வேண்டும்.